முடிந்த நன்னடத்தைக் காலம், முடியாத கணினிப் பதிவு: கடலோரக் குடும்பம் ஒன்றின் எட்டு மாதங்கள்

இதை எழுத, சம்பந்தப்பட்ட இளைஞரிடமும் அவருடைய அம்மாவிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அலுவலகம் எதையும் பெயர் சொல்லவில்லை. நான் ராமநாதபுரம் கடலோரத்தில் சட்ட உதவித் தன்னார்வலராக இருக்கிறேன், வழக்கறிஞர் இல்லை. என்னைப் போல மனு எழுதிக் கொடுக்கிறவர்களுக்கும், பிள்ளைகளின் பேப்பர்களை மஞ்சள் பையில் சுமந்து அலைகிற அம்மாக்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன். இளைஞரைத் தம்பி என்றே எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

பின்னணி

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில் ஒரு மீனவக் கிராமம். நாட்டுப்படகில் நண்டு வலை போடும் குடும்பம். அப்பா இல்லை. அம்மா நண்டு கம்பெனியில் சதை பிரிக்கப் போகிறார். வாடைக் காலத்தில் இங்கே தொழில் படுத்துவிட்டதால், 20 வயதில் தம்பி வேறு மாவட்டத்துத் துறைமுகம் ஒன்றில் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போனார். அங்கே 2022ல் ஒரு ராத்திரி, கூட வேலை பார்த்தவருடன் வாய்த்தகராறு முற்றி, ஐஸ் கட்டி இழுக்கும் கொக்கியால் அடித்துவிட்டார். அடிபட்டவருக்கு முழங்கைக்குக் கீழே தையல் போட வேண்டியிருந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 324ஆம் பிரிவில் வழக்கு. தம்பி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இந்த மாதிரி ஆட்களுக்காக வந்ததுதான். 21 வயது நிரம்பாதவரை, ஆயுள் தண்டனை அளவுக்குப் போகாத குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்பும் முன், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டுப் பெற வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு. 4ஆம் பிரிவின்படி, மூன்று ஆண்டுக்கு மிகாத காலத்துக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாம், அலுவலரின் கண்காணிப்பிலும் வைக்கலாம். தம்பிக்கு 2023 தொடக்கத்தில் ஓராண்டு கண்காணிப்புடன் பத்திரம். அடிபட்டவருக்கு இழப்பீடு கட்டவும் உத்தரவு. அதை அம்மா காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டினார்.

மூன்று மாதம் அங்கேயே இருந்து கையெழுத்துப் போட்டார். அப்புறம் நீதிமன்ற அனுமதியுடன் ஊர் திரும்பினார். மீதி ஒன்பது மாதக் கண்காணிப்பு இந்தக் கடலோரப் பக்கத்துக்கு மாறியது. இங்கே அவரைப் பார்த்த அலுவலர் ஒரு நல்ல காரியம் செய்தார். 40 பக்கப் பள்ளி நோட்டு ஒன்றை வாங்கி வரச் சொல்லி, ஒவ்வொரு முறை வரும்போதும் தேதி எழுதி, இரண்டு வரி குறிப்பும் போட்டுக் கையெழுத்திட்டார். ‘கடலுக்குப் போகிறார். குடி இல்லை.’ ‘தங்கைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார்.’ அலுவலகக் கோப்பில் தனியாக எழுதினார். இந்த நோட்டு தம்பிக்கென்றே கொடுத்தது. சட்டம் அதைக் கேட்கவில்லை, அவராகச் செய்தார். 2024 தொடக்கத்தில் பத்திரக் காலம் முடிந்தது. முடிவறிக்கை, வழக்கு நடந்த மாவட்டத்துக்குப் போனது. அதற்குப் பிறகு அந்த அலுவலர் ஓய்வு பெற்றுவிட்டார்.

சிக்கல் தெரியவந்தது

2025 பிப்ரவரி. வளைகுடாவில் மீன்பிடிப் படகு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஏஜென்ட் வந்தார். போலீஸ் கிளியரன்ஸ் சான்று வேண்டும், ஊரில் பி.சி.சி. என்பார்கள். தம்பி விண்ணப்பித்தார். ஊர்க் காவல் நிலையத்தில் விசாரித்து, வழக்கு நடந்த மாவட்டத்துக்கு எழுதிக் கேட்டார்கள். அங்கிருந்து வந்த பதில்: ‘நன்னடத்தைப் பிணையில் உள்ளவர். முடிவுற்ற விவரம் பதிவில் இல்லை.’ சான்று நின்றுவிட்டது.

அம்மா என்னிடம் வந்தபோது பையை மேசையில் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, ஆதார் நகல், இழப்பீடு கட்டிய ரசீது, அந்த நோட்டு. நோட்டின் ஓரமெல்லாம் உப்புநீர் பட்டு விறைத்திருந்தது. “கண்டிஷன் பெயிலு முடிஞ்சு ஒரு வருசம் ஆச்சு, இன்னும் ஏன் இழுக்குறாங்க?” என்றார். மகன் ஜாமீனில்தான் இருந்தான் என்றே அவர் இத்தனை நாளும் நம்பியிருந்தார். மாதாமாதம் கையெழுத்து என்றால் நம் பக்கத்தில் அது கண்டிஷன் பெயில்தான். நன்னடத்தைச் சட்டத்தில் விடுவிக்கப்பட்டவர் என்றால் என்ன என்று அந்த வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை.

காவல்துறைப் பதிலில் ‘நன்னடத்தைப் பிணை’ என்ற சொல் எனக்கு உறுத்தியது. தமிழில் நன்னடத்தை என்ற ஒரே சொல் இரண்டு வேறு காரியங்களுக்கு ஓடுகிறது. ஒன்று, தம்பிக்குக் கிடைத்த மாதிரி நீதிமன்றம் திருந்தக் கொடுக்கும் வாய்ப்பு. இன்னொன்று, தொடர்ந்து குற்றம் செய்கிறவர் என்று கருதப்படுகிறவரிடம் நிர்வாக நடுவர் எழுதி வாங்கும் பிணை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 110ஆம் பிரிவாக இருந்த அது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 129ஆம் பிரிவு. ரவுடிப் பட்டியல் பேச்சில் நாம் கேட்கும் பிணை இதுதான். முதல் குற்றத்தில் திருந்த வாய்ப்பு பெற்ற பையன், கணினியில் இந்த இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்திருந்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு ஏஜென்ட் சொன்னதைக் கேட்காமல் இருந்தது. இந்த விண்ணப்பத்தை விட்டுவிட்டு வேறு முகவரியில் புதிதாகப் போடலாம், வழக்கு உண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதலாம் என்றார். தம்பி தடுமாறினார். பாஸ்போர்ட் விஷயத்தில் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் அதுவே தனிக் குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு என்று சொன்னேன். ஒரு ராத்திரிச் சண்டைக்காக ஒரு வருடம் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு மீண்டவர், இரண்டாவது வழக்கில் மாட்டுவதற்கு நான் துணைபோக முடியாது.

இரண்டாவது, வழக்கே இல்லை என்று வாதாடக் கூடாது. நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, 3 அல்லது 4ஆம் பிரிவில் நடத்தப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது என்கிறது. ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பே அழிந்துவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை. 1990ல் பக்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே நாங்கள் கேட்டது இரண்டே விஷயம். பதிவு எந்தச் சட்டத்தில் என்பதைத் திருத்துங்கள், காலம் முடிந்தது என்பதை எழுதுங்கள்.

மூன்றாவது, உடனே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகவில்லை. ஒரு வழக்கறிஞரிடம் கேட்டேன். கையில் முடிவறிக்கை இல்லாமல் போனால், மனுவைப் பரிசீலிக்கச் சொல்லி உத்தரவு வரும், திரும்ப இதே அலுவலகத்துக்குத்தான் வருவீர்கள் என்றார். சரி, முதலில் பேப்பர் என்று முடிவு செய்தோம்.

தீர்ப்பு நகல் எளிதாகக் கிடைத்தது. வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் எடுத்து, நகல் மனு போட்டு, மூன்று வாரத்தில் சான்றிட்ட நகல் வாங்கிவிட்டோம். அதில் ‘பிரிவு 4’ என்று தெளிவாக இருந்தது. மாட்டிக்கொண்டது அடுத்த பேப்பரில்.

இங்கே நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். வழக்கு நடந்த மாவட்டத்து நன்னடத்தை அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிய மனுவில் ‘என்னுடைய கோப்பின் முழு நகல்’ என்று கேட்டுவிட்டேன். 29ஆம் நாள் மறுப்பு வந்தது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை ரகசியமானது என்று நன்னடத்தைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது, அதைக் காட்டி மறுத்திருந்தார்கள். அது நியாயமான மறுப்புத்தான். நான் அந்தப் பிரிவைப் படித்துவிட்டு எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது மனுவில் மூன்று கேள்வி மட்டும் கேட்டேன். கண்காணிப்பு தொடங்கிய தேதி, முடிந்த தேதி, முடிவறிக்கை வந்து சேர்ந்த தேதி. என் அவசரத்தால் தம்பிக்கு ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது.

தாமதம் எங்கே பிறந்தது

இரண்டாவது மனுவுக்கு, முடிவறிக்கை கணினிப் பதிவில் காணப்படவில்லை என்று பதில் வந்தது. ஜூன் மாதம் நானும் தம்பியும் நேரில் போனோம். அங்கே இருந்த எழுத்தர் பொறுமையானவர், எங்களை உட்கார வைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை அங்கே வெகு நாளாக நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்த ஆட்கள் வந்து தட்டச்சு செய்வார்கள், ஒப்பந்தம் முடியும், போய்விடுவார்கள், அடுத்த ஆட்கள் முதலிலிருந்து கற்றுக்கொள்வார்கள். இதைவிடப் பெரிய சிக்கல் திரையிலேயே இருந்தது. வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்ட கண்காணிப்பை எழுத அதில் இடமே இல்லை. ஓர் ஆள், ஓர் அலுவலர், ஓர் இடம் என்றுதான் கட்டம் போட்டிருந்தார்கள். மாற்றல் கோப்புகளை எல்லாம் பிறகு பார்க்கலாம் என்று ஒரு மூலையில் அடுக்கினார்கள். பழைய பதிவேடு மூடப்பட்டுவிட்டது, புதியதில் ஏறவில்லை. இந்த இடைவெளியில்தான் தம்பியின் முடிவறிக்கை தபாலில் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் மேலிருந்து கெடு வந்தது. அடுக்கில் இருந்ததை எல்லாம் சில நாட்களில் ஏற்றினார்கள். சட்டப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் பழைய சட்டத்தின் எண்ணும் புதிய சட்டத்தின் எண்ணும் கலந்து கிடந்தன. ‘நன்னடத்தை’ என்று தட்டினால் முதலில் வந்து நின்றது பிணைதான். தட்டச்சு செய்தவர் அதையே தேர்ந்தெடுத்துவிட்டார். எழுத்தர் சுட்டிக் காட்டிய இடத்தில் தம்பியின் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. பக்கத்துக் கட்டம் மட்டும் அவரை வேறு ஆளாக்கியிருந்தது. முடிவுற்ற தேதிக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. தம்பி அந்த வெற்றுக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு மாசம்கூட நான் தவறல சார்,” என்றார் எழுத்தரிடம்.

நோட்டை எடுத்து வைத்தோம். ஒன்பது மாதத்துக்கும் ஒன்பது கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் ஓய்வு பெற்ற அந்த அலுவலர், முடிவறிக்கை அனுப்பிய தேதியையும் அனுப்புகை எண்ணையும் எழுதியிருந்தார். அந்த எண்ணை வைத்து எழுத்தர் தபால் வரவுப் பதிவேட்டைத் தேடினார். முக்கால் மணி நேரத்தில் வரி கிடைத்தது. மூலையில் இருந்த கட்டுகளில் ஒன்றைப் பிரித்து, கோப்பையும் எடுத்துவிட்டார்.

பெரிய அளவில் இதே கதை

இது ஓர் அலுவலகத்தின் சோம்பல் என்று எழுதினால் தவறாகிவிடும். நன்னடத்தைப் பதிவுகளைக் கணினிக்குக் கொண்டுபோவதில் பணக்கார நாடும் தடுமாறியிருக்கிறது. நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட உதாரணம் இங்கிலாந்து. 2004ல், சிறைக்கும் நன்னடத்தைப் பணிக்கும் சேர்த்து, குற்றவாளி ஒருவருக்கு ஒரே பதிவு என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். 2020 வரைக்குமான மொத்தச் செலவு 23.4 கோடி பவுண்டு என்று கணக்கு. 2007 ஜூலைக்குள் 15.5 கோடி செலவாகிவிட்டது, வேலை இரண்டு ஆண்டு பின்தங்கியிருந்தது, மொத்த மதிப்பீடு 69 கோடியாக ஏறியது. ஆகஸ்டில் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். 2008ல் சுருக்கி மறுபடி தொடங்கியபோது, எல்லாருக்கும் ஒரே தரவுத்தளம் என்ற ஆசையையே கைவிட்டார்கள். சுருக்கிய திட்டத்துக்கே 51.3 கோடி பவுண்டு மதிப்பீடு.

2009 மார்ச்சில் அந்த நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில் காரணங்கள் இருக்கின்றன. மேலிருந்தவர்கள் தொடர்ந்து கவனிக்கவில்லை, வேலையின் சிக்கலைக் குறைவாக எடைபோட்டார்கள், செலவைக் கண்காணிக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அங்கே 42 நன்னடத்தைப் பகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் வழியில் வேலை செய்தது. அந்த வழிகளை முதலில் எளிமையாக்கி ஒன்றுபடுத்தாமல் மென்பொருளைக் கட்டப் போனார்கள். நான் ஜூன் மாதம் பார்த்த திரையில் மாற்றல் கண்காணிப்புக்குக் கட்டம் இல்லாமல் போனதும் இதே பிழைதான், அளவு மட்டும் சிறியது. வேலை எப்படி நடக்கிறது என்று அந்த எழுத்தரிடம் அரை நாள் கேட்டிருந்தால் அந்தக் கட்டம் இருந்திருக்கும்.

நம் நாட்டிலும் பணம் ஒதுக்காமல் இல்லை. குற்றவியல் நீதித் தகவல்களை இணைக்கும் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு 2022ல் மத்திய அரசு 3,375 கோடி ரூபாய் ஒதுக்கியது. காவல், நீதிமன்றம், சிறை, அரசு வழக்கு நடத்துதல், தடய அறிவியல் என்று ஐந்து தூண்களை அது இணைக்கிறது. அந்த ஐந்தின் பெயர்களில் நன்னடத்தை இல்லை. சிறைக்குப் போனவரின் தடம் ஒரு தூணுக்குள் வந்துவிடுகிறது. சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்று நீதிமன்றமே விட்டவரின் தடம், மாவட்டத்துக்கு மாவட்டம் பேரேட்டையும் பொறுப்பான ஓர் ஆளையும் நம்பி நிற்கிறது. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பின் நடந்தது

எழுத்தர் அன்றே திருத்தக் குறிப்பு எழுதினார். ஆனால் ஏறிய பதிவைத் திருத்தும் அதிகாரம் அவர் கையில் இல்லை. மேலே அனுப்பி, ஒப்புதல் வந்து, பிரிவு மாறி, முடிவுத் தேதி ஏற ஏழு வாரம் ஆயிற்று. இதற்கிடையில், காலம் முடிந்ததைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு முத்திரையுடன் தரும்படி அலுவலரிடம் கேட்டோம், கொடுத்தார். அந்தக் கடிதத்தையும் தீர்ப்பு நகலையும் சேர்த்து ஊர்க் காவல் நிலையத்தில் கொடுத்தோம். அங்கிருந்த உதவி ஆய்வாளர் நியாயமாக நடந்துகொண்டார். முதலில் திரையில் இருந்ததை எழுதியவர், இப்போது தாளில் இருந்ததை எழுதினார். செப்டம்பர் இரண்டாவது வாரம் சான்று வந்தது.

அந்த வளைகுடா வேலை மே மாதமே வேறு ஆளுக்குப் போய்விட்டது. ஏஜென்ட் முன்பணத்தில் பாதியைத்தான் திருப்பித் தந்தார்.

நோட்டின் பின்பக்கத்தில் அம்மா கணக்கு எழுதி வைத்திருந்தார். பஸ், நகல் கட்டணம், கோர்ட் பீஸ் ஸ்டாம்பு, தபால், வெளியூர்ச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். தம்பி கடலுக்குப் போகாமல் விட்ட நாள் 14. படகில் ஏறாதவனுக்குப் பங்கு கிடையாது, அதனால் அந்த 14 நாளும் வீட்டுக்கு வரவில்லை. தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு மறுபடியும் அந்தத் தோடுதான் அடகுக்குப் போனது. எந்தத் திட்டத்தின் செலவுக் கணக்கிலும் இந்த வரிகள் ஏறாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

என்ன மாற வேண்டும்

என் வேலையில் மூன்று மாற்றம் செய்துகொண்டேன். நன்னடத்தைப் பத்திரத்தில் விடுவிக்கப்பட்டவர் யார் வந்தாலும், பத்திரக் காலம் முடிந்த அதே மாதத்தில் முடிவுக் கடிதத்தைத் தாளில் வாங்கி வைக்கச் சொல்கிறேன். வேலை வாய்ப்பு வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. தகவல் மனுவில் தேதிகளை மட்டும் கேட்கிறேன், அறிக்கையைக் கேட்பதில்லை. குடும்பத்தாரிடம் இது ஜாமீன் இல்லை, ரவுடிப் பிணையும் இல்லை என்று முதல் நாளே உட்கார வைத்துச் சொல்கிறேன். அம்மாவுக்கு இது தெரிந்திருந்தால், காவல் நிலையத்தில் அந்தச் சொல்லைக் கேட்ட அன்றே தவறு என்று சொல்லியிருப்பார்.

அலுவலகங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது கொஞ்சம்தான். புதிய பதிவு ஓர் ஆண்டாவது பிழையில்லாமல் ஓடும் வரை பழைய பேரேட்டை மூட வேண்டாம். இரண்டிலும் எழுதுவது கூடுதல் வேலைதான், ஆனால் அந்த வேலையைச் செய்யாமல் விட்டால் கடற்கரையில் ஒரு குடும்பம் அதைச் செய்கிறது. ஏறிய வரியை ஆளுக்குக் காட்டி, சரிதானா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கலாம். நோட்டு கொடுத்த அந்த அலுவலர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். அவரைத் தேடிப்போய் நன்றி சொன்னோம். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எழுத்து இவ்வளவு கிறுக்கலாகவா எழுதினேன் என்று கேட்டார்.

திருத்தம் நடந்தபோது இன்னொன்று தெரியவந்தது. அதே நாளில், அதே கையால் ஏற்றப்பட்ட மாற்றல் கோப்புகளில் மேலும் சிலவற்றில் இதே தவறு இருந்தது. அதில் இரண்டு பேர் நம் கடலோரத்துக்காரர்கள் என்று எழுத்தர் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அலுவலகமே அவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஒருவர் அந்தக் கடிதத்தோடு அக்டோபரில் என்னிடம் வந்தார், அவருடைய பதிவு சரியாகிவிட்டது. இன்னொருவருக்கு அனுப்பிய கடிதம், முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்திருக்கிறது.